குண்டு 'ளி'யின் வேகம்

தொண்ணூறுகளில் தமிழ் வழியில் அறிவியல் படித்தவர்கள் மட்டும் கொஞ்சம் கிட்டே வாருங்கள். மற்றவர்களுக்கு இந்த எரிச்சல் முழுதாகப் புரியாது. நமக்கெல்லாம் இப்போது கண்ணாடியைக் கழற்றினால் மருந்துச் சீட்டில் இருப்பது தெரியாது, போன வாரம் யாரைப் பார்த்தோம் என்பதும் மறந்துபோகிறது. ஆனால் அந்த அறிவியல் புத்தகத்தில் ஒலி என்று ஒரு பாடமும், அதை அடுத்து ஒளி என்று ஒரு பாடமும் இருந்தது மறந்திருக்காது. ஒன்று காற்றில் வினாடிக்கு முந்நூற்று நாற்பது மீட்டர். மற்றது வினாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர். பரீட்சை ஹாலில் இரண்டையும் மாற்றி எழுதிவிட்டு, வெளியே வந்து தலையில் அடித்துக்கொள்ளாதவர் நம்மில் யார்?

இங்கிலீஷ் மீடியப் பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. அவர்களுக்கு சவுண்ட் வேறு, லைட் வேறு. நமக்கு மட்டும் நடுவில் ஒரே ஓர் எழுத்து. சின்ன ல போட்டால் சத்தம், குண்டு ள போட்டால் வெளிச்சம். எழுதும்போது பிழைத்துக்கொள்ளலாம். வாயைத் திறந்தால்தான் வம்பு. நம் மயிலாப்பூரில் பாதிப் பேர் வாயில் அந்தக் குண்டு ள நுழைந்ததே இல்லை.

என் வாயில் அது நுழைந்ததற்குக் காரணம் அப்பா. அவர் ஒரு தனியார் கம்பெனியில் கணக்கர். ஞாயிற்றுக்கிழமைகளில் சாந்தோம் பக்கத்து மாதா கோயிலில் பூசையின்போது வாசகம் வாசிப்பார். அவர் வாசித்தால் கடைசி பெஞ்சில் தூங்குகிறவருக்கும் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகப் போய்ச் சேரும். வேறு யாராவது வாசிக்கும்போது ஆண்டவரின் ஒளி என்று வரவேண்டிய இடத்தில் ஒலி என்று வந்தால், கல் கடிபட்டது போல முகத்தைச் சுளிப்பார். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்த பிறகும் அதையே சொல்லிக்கொண்டிருப்பார்.

சனிக்கிழமை காலையில் பீரோக் கண்ணாடியின் முன் என்னை நிறுத்தி வைப்பார். "கிலி. பயம். நாக்கு பல்லுக்குப் பின்னால போகணும். கிளி. பறவை. நாக்கை மடக்கி அண்ணத்தைத் தொடு. கிழி. பேப்பரைக் கிழி. இன்னும் உள்ளே போ." நான் கண்ணாடியில் என் நாக்கையே பார்த்துக்கொண்டு சொல்வேன். அம்மா சமையலறையிலிருந்து, "அவ வாய் கிழியப் போகுது, விடுங்க" என்பாள். எனக்குப் பிடிக்கத்தான் செய்தது. தெருப் பிள்ளைகளுக்கு வராத ஒன்று எனக்கு வருகிறது என்ற கர்வம் இருந்தது. அந்தக் கர்வம் என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

சித்தப்பா இதற்கு நேர் எதிர். அப்பாவின் சொந்தத் தம்பி, ஆனால் பேச்சைக் கேட்டால் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் என்று யாரும் நம்பமாட்டார்கள். மந்தைவெளி சந்து ஒன்றில் மைக் செட் கடை வைத்திருந்தார். ஆடி மாத அம்மன் கோயில் கூழுக்கும் அவர்தான், மாதா கோயில் தேர்த் திருவிழாவுக்கும் அவர்தான். குழாய் ஸ்பீக்கர், சீரியல் பல்பு, மாடியில் கட்டும் ட்யூப்லைட் எல்லாம் அந்தச் சின்னக் கடைக்குள் அடைந்து கிடக்கும். உள்ளே போனால் சூடான ஆம்ப்ளிஃபயர் வாசனையும், சணல் கயிற்று வாசனையும், எலி மருந்து வாசனையும் கலந்து அடிக்கும். வாசலில் போர்டு. ஒலி ஒளி அமைப்பகம் என்று எழுதச் சொன்னால் பெயின்டர் 'ஒலி ஒலி அமைப்பகம்' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்.

அப்பாவுக்கு அந்தச் சந்துப் பக்கம் போகவே பிடிக்காது. "திருத்தித் தொலையேண்டா" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார்.

"யாருண்ணே நின்னு படிச்சிக்கினு கீறாங்க?" என்பார் சித்தப்பா. "மேல ஸ்பீக்கர் படம் கீது, கீழ பல்பு படம் கீது. வர்றவனுக்குப் புரியும். ரெண்டும் ஒண்ணுதான் வுடு."

ரெண்டும் ஒண்ணுதான். இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் வகுப்பில் அறிவியல் டீச்சர் ஒளிக்கும் வேகம் உண்டு என்று சொன்ன நாளிலிருந்து எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. ஒலிக்கு வேகம் உண்டு என்பது தெரிந்ததுதான். திருவிழா அன்று மொட்டை மாடியில் நின்றால் வாணம் முதலில் பூவாக விரியும், பிறகுதான் 'டமார்' வரும். ஆனால் வெளிச்சமும் ஓரிடத்திலிருந்து புறப்பட்டு நடந்துவருகிறது என்பதை என்னால் நம்ப முடியவில்லை. கதவை மூடிக்கொண்டு ஸ்விட்சைப் போட்டுப் போட்டு அணைப்பேன். வெளிச்சம் பல்பிலிருந்து கிளம்பிச் சுவரைத் தொடுவதைப் பார்த்துவிட வேண்டும் என்று கண்ணைக் கொட்டாமல் நிற்பேன். குண்டு பல்பு ஏமாற்றிவிடும். கூடத்து ட்யூப்லைட் மட்டும் இரண்டு மூன்று தடவை கண் சிமிட்டிவிட்டு நிதானமாக வரும். ஒளியின் வேகத்தைப் பார்த்துவிட்டேன் என்று டீச்சரிடம் ஓடினேன். "அது ஸ்டார்ட்டர் போயிருக்கும், மாத்தச் சொல்லு" என்றார்.

அவர்தான் வியாழனைப் பற்றியும் சொன்னார். பல காலத்துக்கு முன்னால் ஒருவர் தொலைநோக்கி வழியே வியாழனைச் சுற்றும் ஒரு நிலாவைக் கவனித்துவந்தாராம். அது வியாழனுக்குப் பின்னால் போய் மறையும் நேரத்தைக் கணக்குப் போட்டு வைத்திருந்தார். பூமி வியாழனை விட்டுத் தள்ளிப்போகும் மாதங்களில் நிலா கணக்குக்குப் பிந்தியது. கிட்டே வரும் மாதங்களில் முந்தியது. நிலா ஒழுங்காகத்தான் சுற்றுகிறது, அதன் வெளிச்சம் நம்மிடம் வந்துசேரத்தான் நேரமாகிறது என்று அப்போதுதான் புரிந்ததாம். அன்றைக்கு முடிவு செய்தேன், அந்த நிலாவை நானும் பார்த்தாக வேண்டும். எங்கள் பள்ளியிலோ தொலைநோக்கி கிடையாது. இருந்த ஒரே ஒரு பூதக்கண்ணாடியும் விரிசல் விட்டது.

அந்தச் சமயத்தில்தான் தெரு நலச் சங்கத்தின் ஆண்டு விழா வந்தது. பள்ளிகளுக்கிடையே தமிழில் அறிவியல் வினாடி வினா, வெற்றிபெறும் பள்ளிக்கு வெளிநாட்டிலிருந்து வந்த தொலைநோக்கி பரிசு. சங்க உறுப்பினர் ஒருவரின் மகன் அனுப்பியது. டீச்சர் அந்த நோட்டீஸை வகுப்பில் படித்தபோது நேராக என்னைத்தான் பார்த்தார். "அது வந்தாச்சுன்னா நம்ம ஸ்கூல் மாடியிலேயே வெச்சுப் பாக்கலாம், நீதான் முதல்ல" என்றார். ஒரு மாதம் நான் விளையாடப் போகவில்லை. குளிக்கும்போதும் கேள்வி, சாப்பிடும்போதும் கேள்வி.

விழா மயிலாப்பூர் லஸ் முனைக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில். மைக் செட் வழக்கம்போல் சித்தப்பா. அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் மூன்றாவது வரிசை நாற்காலியில். கேள்வி கேட்டவர் சங்கத்தின் செயலாளர். பேங்கில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், தெருவில் எல்லோரும் எழுந்து நின்று பேசுகிற மனிதர். மைக்கைப் பிடித்ததும், "அன்பார்ந்த பல்லி மாணவ மாணவியரே" என்றார். பின்வரிசைப் பிள்ளைகள் எல்லோரும் ஒன்றுபோல் உத்தரத்தை அண்ணாந்து பார்த்தார்கள். அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

நீங்கள் இப்போதே கேட்பீர்கள், அவர் பள்ளியைப் பல்லி என்கிறவர் என்று தெரிந்த பிறகும் எப்படி ஏமாந்தாய் என்று. எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். அதற்குள் நடந்த ஒன்றையும் கேளுங்கள். நடுவில் ஒரு கேள்வி, "வெல்லம் எதிலிருந்து கிடைக்கிறது?" நான் மணியைத் தட்டி, கரும்புச் சாற்றிலிருந்து என்றேன். சரி என்றார். ஆக, வெல்லத்தை அவர் வெல்லம் என்றுதான் சொல்கிறார். அந்த மனிதர் வாயில் வருகிற ல, சில சமயம் ல, சில சமயம் ள. எது எப்போது என்று ஆண்டவருக்குத்தான் தெரியும்.

கடைசிச் சுற்றில் நாங்களும் கோபாலபுரம் பக்கத்திலிருந்து வந்த பையன்கள் பள்ளியும் சமமாக நின்றோம். ஒரே ஒரு கேள்வி பாக்கி. தொலைநோக்கிப் பெட்டி மேடை ஓரத்தில் ஜிகினாத் தாள் சுற்றி இருந்தது. செயலாளர் அட்டையைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் படித்தார்.

"ஒலியின் வேகம் என்ன?"

நான்தான் முதலில் மணியைத் தட்டினேன். தட்டிய பிறகுதான் சிக்கல் உறைத்தது. இரண்டு விடையும் நாக்கு நுனியில் நிற்கின்றன. அவர் சொன்னதற்குப் பதில் சொல்வதா, அவர் நினைத்ததற்குப் பதில் சொல்வதா? அப்பாவைப் பார்த்தேன். எத்தனையோ சனிக்கிழமைக் காலைகளில் அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: எழுத்து என்னவோ அதுதான் பொருள். நிமிர்ந்து நின்று சொன்னேன், "காற்றில் வினாடிக்கு முந்நூற்று நாற்பது மீட்டர்."

"தவறு" என்றார் செயலாளர். கேள்வி அடுத்த அணிக்குப் போனது. கோபாலபுரத்துப் பையன் ஒருவன் எழுந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சொன்னான்: "ஒலியின் வேகம் வினாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர்."

அப்படித்தான் சொன்னான். சின்ன ல போட்டு. சத்தியமாகச் சொல்கிறேன், சத்தம் மூன்று லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று அவன் சொன்னான், மண்டபம் முழுவதும் கை தட்டியது. அவன்மேல் கோபமில்லை. அவனுக்கும் செயலாளருக்கும் இடையே ஒரு சந்தேகமும் இல்லாமல் கேள்வியும் பதிலும் போய் வந்துவிட்டன. நடுவில் சரியான உச்சரிப்போடு மாட்டிக்கொண்டவள் நான் ஒருத்திதான்.

"சார், நீங்க ஒலின்னு சொன்னீங்க" என்றேன்.

"ஆமாம்மா. ஒலிதான். வெலிச்சம்."

"வெளிச்சம்னா ஒளி சார். நீங்க சொன்னது ஒலி. அது சத்தம்."

முன்வரிசையில் சிரிப்பு. அவர் முகம் சிவந்துவிட்டது. "நான் கரெக்டாத்தான் படிச்சேன். மைக்கு சரியில்லைன்னா நான் என்ன பண்றது? சபையிலே இப்படி எதிர்த்துப் பேசப்படாதும்மா."

மைக் என்றதும் எல்லோரும் சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து மேடைக்கு வந்தார். சித்தப்பா எனக்காகப் பேசுவார், அவர் மைக்கைக் குறை சொன்னால் விடமாட்டார் என்று நினைத்தேன். அவர் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆமா சார், மைக்குதான் கொஞ்சம் மக்கர் பண்ணிக்கினு கீது" என்றார். "எம்மேலதான் தப்பு. கொழந்தைக்கு சரியா கேக்கல. அதனால வேற ஒரு கேள்வி கேட்டுடுங்க சார். ரெண்டு பேருக்கும் பொதுவா."

செயலாளர் முதல் பாதியை எடுத்துக்கொண்டார், இரண்டாம் பாதியை விட்டுவிட்டார். "பார்த்தேளா, மைக்குதான்" என்று சபையைப் பார்த்துச் சொன்னார். "லியோ ளியோ, ரெண்டும் ஒண்ணுதான். அந்தப் பையன் புரிஞ்சுக்கலையா? முடிவு முடிவுதான்." இரண்டு எழுத்தையும் அவர் ஒரே மாதிரிதான் சொன்னார்.

டீச்சர் எழுந்து நிற்பார் என்று பார்த்தேன். அவர் மடியில் இருந்த கைப்பையின் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர்ப் பஞ்சத்தில் எங்கள் பள்ளிக்குத் தொட்டி கட்டிக்கொடுத்தது அந்தச் சங்கம்தான். அது இப்போது தெரிகிறது. அப்பா எழுந்தார். எனக்கு உயிர் வந்தது. அவர் மேடைக்கு வந்து என் தோளைப் பிடித்து, "சார்கிட்ட சாரி சொல்லும்மா" என்றார். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகக் கேட்டது. நான் சாரி சொன்னேன். என்ன செய்வது?

அன்று என் கோபம் முழுவதும் சித்தப்பாமேல்தான் போனது. கூசாமல் பொய் சொன்னாரே என்று இருந்தது. தன் பிழைப்பைப் பணயம் வைத்து அவர் எனக்கு இன்னொரு கேள்வி வாங்கித்தரப் பார்த்தார் என்பதும், அந்த மண்டபத்தில் எனக்காக எழுந்து வந்த ஒரே ஆள் அவர்தான் என்பதும் எனக்கு விளங்க வருஷக்கணக்காயிற்று. மறுவருஷம் விழாவுக்கு வேறொரு மைக் செட்டைக் கூப்பிட்டார்கள். சித்தப்பாவின் மைக்கு மக்கர் என்று பேர் ஆகிவிட்டதில் அம்மன் கோயிலும் கைவிட்டுப் போனது.

இதில் கொடுமை என்னவென்றால், மைக் நன்றாகத்தான் இருந்தது. சித்தப்பா எந்த விழாவானாலும் டெக்கில் ஒரு கேசட் போட்டுப் பதிவு செய்துகொண்டே இருப்பார். விழா முடிந்து வீட்டுக்கு வந்ததும் அந்தக் கேசட்டைக் கொண்டுவந்து எங்கள் டேப் ரெக்கார்டரில் போட்டார். "ஒலியின் வேகம் என்ன?" கண்ணாடி மாதிரி சுத்தமாகக் கேட்டது. என் மணிச் சத்தம்கூடக் கேட்டது. அப்பா மறுபடி போடச் சொன்னார். மறுபடி. கடைசியில், "லகரம்தான். சந்தேகமே இல்லை" என்றார்.

"அப்போ போய்ச் சொல்லுங்கப்பா. நாளைக்கே போய்ப் போட்டுக் காட்டுங்க."

"அவரை அவமானப்படுத்த முடியுமாம்மா? பெரிய மனுஷர். போட்டியும் முடிஞ்சுபோச்சு."

"பின்ன எதுக்குப்பா சனிக்கிழமை சனிக்கிழமை எனக்கு நாக்கு மடிக்கச் சொல்லிக்கொடுத்தீங்க?"

அப்பா எழுந்து இஸ்திரிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். சித்தப்பாதான் கேசட்டைத் தட்டி எடுத்து, "வுடு கண்ணு, ஸ்டார்ட்டர் மாத்தி வெக்கிறேன், லைட்டு இன்னும் கண்ணடிச்சிக்கினே கீது" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். அந்தக் கேசட்டில் அடுத்த மாதமே யாரோ வீட்டுக் காதுகுத்து பதிவாகிவிட்டது. சனிக்கிழமைப் பயிற்சிக்கு அப்பா அதற்கப்புறம் என்னைக் கூப்பிடவும் இல்லை.

பள்ளியில் எனக்கு ட்யூப்லைட் என்று பெயர் வைத்தார்கள். அதுவும் எப்பேர்ப்பட்ட அநியாயம் பாருங்கள். ட்யூப்லைட் என்றால் தாமதமாகப் புரிந்துகொள்கிறவள். நானோ முதலில் மணியடித்தவள். பத்தாம் வகுப்பு முடியும்வரை அந்தப் பெயர் போகவில்லை.

டீச்சர் மனம் கேட்காமல் அந்தப் பையன்கள் பள்ளிக்கு ஒருமுறை போன் செய்து, ஒரு நாள் மாலை எங்கள் பிள்ளைகள் நாலு பேர் வந்து தொலைநோக்கியில் பார்க்கலாமா என்று கேட்டார். பெண்பிள்ளைகள் இருட்டினதுக்கப்புறம் ஆண்கள் பள்ளிக்கு வருவது சரிப்படாது என்றார்களாம். பகலில் வியாழன் எங்கே தெரியும்? அத்தோடு விட்டுப்போனது.

இப்போது கடைசிக்கு வருகிறேன். நான் அரசு அலுவலகத்தில் வேலைக்குப் போய், தலை நரைத்து, சென்ற தேர்தலில் வாக்குச்சாவடிப் பணி வந்தது. எந்தப் பள்ளி என்று பார்த்தால், அதே கோபாலபுரத்துப் பையன்கள் பள்ளிதான். முதல் நாள் சாயங்காலம் பெட்டிகளோடு போய் இறங்கினோம். எங்களுக்குக் கொடுத்த அறை பழைய அறிவியல் கூடம். மேசைகளை நகர்த்தும்போது மூலையில் ஒரு கண்ணாடி அலமாரி. உள்ளே கீழ்த்தட்டில் ஒரு நீளப் பெட்டி. ஜிகினாத் தாள் அங்கங்கே பொடிந்து உதிர்ந்திருந்தது, ஆனால் ஒட்டிய டேப் ஒட்டியபடியே பழுத்துக் கிடந்தது. ஒருவர்கூடப் பிரிக்கவில்லை. இத்தனை வருஷமாக. வினாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடுகிற வெளிச்சத்துக்கு அந்த அட்டைப் பெட்டிக்குள் நுழைய வழியில்லாமல் போய்விட்டது.

பெட்டியின்மேல் யாரோ ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன். 'தொளைநோக்கி. யாரும் தொடக் கூடாது.'

தொளைநோக்கி. அன்றைக்கு அந்த மேடையில் செயலாளர் வாயில் வராமல் போன குண்டு ள, இங்கே வந்து, தேவையில்லாத இடத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது. பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டேன். அலமாரி பூட்டியிருந்தது.

"இன்னா மேடம் பாக்குறீங்க?" என்று கேட்டுக்கொண்டே பள்ளி வாட்ச்மேன் வந்தார்.

"இதுக்குச் சாவி இருக்கா?"

"அது எப்பவோ தொலைஞ்சி போச்சு மேடம். நான் வேலைக்கு வந்ததுலேந்து தொறந்து பாத்ததில்ல. எதுனா வேணுமா?"

"எழுத்துப் பிழை இருக்கு. அதுக்குச் சின்ன ல வரணும்."

அவர் கண்ணாடியில் முகத்தை ஒட்டிச் சீட்டைப் படித்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "ரெண்டும் ஒண்ணுதானே மேடம்?"

"இல்லீங்க" என்றேன். "ஒண்ணு வினாடிக்கு முந்நூத்தி நாப்பது மீட்டர். இன்னொண்ணு மூணு லட்சம் கிலோமீட்டர்."

அவர் போய் ஸ்விட்சைப் போட்டார். ட்யூப்லைட் நாலைந்து தடவை கண் சிமிட்டிவிட்டு எரிந்தது.